சந்தேகிக்கும் உத்தியோகத்தர்

எங்கள் அரசாங்கக் கந்தோரில் ஒரு விதி இருந்தது. குடிநீரில் நஞ்சு கலந்திருப்பதாகச் சந்தேகிக்கும் உத்தியோகத்தர், அதற்கான காரணத்தை உரிய நிரலில் தம் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்ட அன்றே அந்தக் கிணறு மூடப்பட வேண்டும். மாதிரி பகுப்பாய்வுக்குப் போய்ப் பதில் வரும்வரை அது மூடியே கிடக்க வேண்டும். பதில் பிந்தினால் காத்திருக்க வேண்டியது கிணறுதான், குடிப்பவர் அல்ல.

பிரதம லிகிதராக, அதாவது சீஃப் கிளாக்காக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுதியவனுக்கு மூளை இருந்தது என்று சொல்லத்தக்க விதிகளை மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். இது அவற்றில் ஒன்று. ஒரேயொரு குறை, அதைத் திறக்கும் சாவி ஒன்றுதான். யாராவது சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்படும் தகுதி எங்கள் கந்தோரில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. அவர் எதையும் சந்தேகித்தவர் அல்லர்.

அவரை எல்லோரும் ‘மிஸ்’ என்றோம். இரசாயனப் பகுப்பாய்வாளர். ஐரோப்பாவின் குளிர் நாடொன்றில் புலமைப்பரிசிலில் சில வருடங்கள் இருந்து, குளோரீன் ஏறிய பென்சீன் வளையச் சேர்வைகளைத் திணிவு நிறமாலைமானியில் நிறுத்துப் பார்க்கப் பழகியவர். திரும்பி வந்து கொழும்பில் கால் ஊன்றுமுன் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. வீடு எரிந்தது. றங்குப்பெட்டி ஒன்று வேலைத்தலத்தில் இருந்ததால் தப்பியது. அந்தப் பெட்டியோடு பருத்தித்துறையில் எங்கள் ஆய்கூடத்துக்கு மாற்றலாகி வந்தார். பெட்டிக்குள் சேலை இல்லை. அந்தக் கருவி வரைந்து தள்ளிய கடதாசிச் சுருள்கள்தான் இருந்தன.

காலையில் ஆய்கூடத் தொழிலாளி இராசதுரை கோப்பையை மேசையில் வைத்து, “மிஸ், தேத்தண்ணி” என்பான்.

“அப்பிடித்தான் தெரியுது” என்பார்.

முதல் கிழமை இராசதுரை அதைப் பகிடி என்று எண்ணிச் சிரித்தான். பிறகு சிரிப்புக்கு ஆதாரம் இல்லையென்று கண்டு நிறுத்திவிட்டான்.

எங்கள் கணக்குப் பகுதி லிகிதரின் தகப்பன் செத்த வீட்டில், வந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். லிகிதர் அழுதபடி மிஸ்ஸின் பக்கம் திரும்பி, “அப்பா எவ்வளவு நல்ல மனுசன் மிஸ்” என்றார்.

“நான் ஆளைக் காணேல்லை” என்றார் மிஸ்.

அந்த லிகிதர் வாய் நீண்டவர். சும்மா விடவில்லை. அடுத்த கிழமை மத்தியானச் சோற்று நேரத்தில் கேட்டார். “மிஸ், நீங்கள் வெளிநாட்டிலை பாத்த மெஷின் மனுசரையும் நிறுக்குமோ?”

மிஸ் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். கேலி என்பதற்கும் அவரிடம் ஆதாரம் இருக்கவில்லை. கரும்பலகையில் ஒரு வளையம் கீறினார்.

“பொதுவான முறை, மூலக்கூறை அடிச்சு உடைக்கிறது. உடைஞ்ச துண்டுகளை நிறுத்து, இது இன்னார் எண்டு சொல்லுவினம். அடிச்சால் ஆரும் எதையும் சொல்லும். எனக்கு அதிலை நம்பிக்கை இல்லை. நான் பழகினது மறை அயன் முறை. அதிலை அடி இல்லை. மெதுவா வாற ஒரு இலத்திரனைப் பக்கத்திலை விடுறது. குளோரீன் கொழுவின வளையம் அதை வாங்கும். மிச்சச் சனம் அசையாது. வாங்கினவர் உடையாமல் முழு ஆளாய் வந்து தராசிலை நிப்பார்.”

“அப்ப, நீட்டினால் வாங்கிறவரைப் பிடிக்கிற மெஷின்” என்றார் லிகிதர். “எங்கடை கந்தோருக்கு ஒண்டு எடுப்பியுங்கோ மிஸ்.”

எல்லோரும் சிரித்தோம்.

“குளோரீன் இல்லாட்டில் பிடியாது” என்று சொல்லிவிட்டு மிஸ் தொடர்ந்தார். குளோரீன் அணுவில் இரண்டு வகை உண்டு, முப்பத்தைந்து நிறையும் முப்பத்தேழு நிறையும், மூன்றுக்கு ஒன்றாக. அதனால் குளோரீன் ஏறிய சேர்வை தாளில் ஒற்றைக் கோடாக வராது. வேலிக் கதியால் போல, இரண்டு இரண்டு தள்ளி, உயர்ந்து தாழ்ந்து வரிசையாக வரும். கதியால்களின் உயரத்தைப் பார்த்தே எத்தனை குளோரீன் என்று சொல்லிவிடலாம். அந்தக் கதியால் வரிசையைக் கீறும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு இளக்கம் வரும். “இதைக் கண்டால் பேர் சொல்லலாம்” என்றார். “காணாமல் சொல்லேலாது.”

குண்டு போடும் பொம்பர் சுற்றிய நாட்களில் கந்தோர் முற்றத்துப் பதுங்குகுழியிலும் அதே மனுசிதான். இடி விழுந்து குழி குலுங்கியது. லிகிதர், “சந்தைக்குத்தான் போட்டிட்டான்” என்றார்.

“சத்தம் கேட்டது எண்டு சொல்லும்.”

“மிஸ், தலையிலை மண் கொட்டுது!”

“அதையும் சொல்லும்” என்றார் மிஸ். “சந்தையை மட்டும் சொல்லாதையும்.”

விழுந்தது சந்தையில் அல்ல என்பது பிறகு தெரிந்தது. லிகிதரின் தங்கை வீட்டுக் கோடியில்.

இதைக் குணக்கேடு என்று மட்டும் அப்போது எங்களில் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அவரே என்னிடம் சொன்ன ஒரு விஷயம் உண்டு. எண்பத்து மூன்றில் கொழும்பில் பஸ் ஒன்றை மறித்தவர்களில் ஒருவன், பொட்டும் இல்லாமல் வாயும் திறவாமல் பின்னாசனத்தில் இருந்த ஒரு மனிதரைக் காட்டி, தமிழன் என்றானாம். மிஸ் அதே பஸ்ஸில் இருந்தார்.

“அவனிட்டை ஒரு ஆதாரமும் இல்லை, சீஃப் கிளாக். ஊகத்திலை சொன்னான். சரியாச் சொன்னான். அதுதான் எனக்கு மறக்கேலாமல் கிடக்கு.”

எங்கள் பக்கத்திலும் ஊகத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஒருவரைப் பற்றி ஒரு சொல் விழுந்தால், விடியும்போது அவர் மின்கம்பத்தில் இருப்பார், கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை தொங்கும். அப்படிப்பட்ட ஊரில் ஊகித்துப் பேசாத ஒரு மனுசி இருப்பது பெரிய பாதுகாப்பு. மிஸ் குடியிருந்த கரவெட்டியில் சனம் அவரை மதித்தது படிப்புக்காக அல்ல. வாயிலிருந்து ஒன்றும் விழாது என்பதற்காக.

தொண்ணூறில் மின்சாரம் நின்றது. சந்திகளில் நின்ற மின்மாற்றிகள் வெறும் தகரம் ஆயின. தகரத்துக்குள் எண்ணெய் இருந்தது. மண்ணெண்ணெயும் என்ஜின் ஒயிலும் கப்பலில் வராத காலம். எண்ணெய் என்று பெயர் உள்ள எதையும் சனம் விடவில்லை. யார் இறக்கினார்களோ, ட்ரான்ஸ்போமர் ஒயில் போத்தல் போத்தலாக ஊருக்குள் வந்தது. சைக்கிள் சங்கிலிக்குப் பூசினார்கள். முழங்கால் நோவுக்குத் தடவினார்கள். முக்கியமாக, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிஷினுக்கு ஊற்றினார்கள். பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில், சூடு தாங்குவதற்கென்று, மிஸ் வெளிநாட்டில் நிறுத்த அதே குளோரீன் வளையங்கள் கலந்திருக்கும். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது.

இராசதுரையின் கிணறு பங்குக் கிணறு. காணி உறுதியில் இத்தனை பங்கு என்று எழுதி, மூன்று வளவு வீட்டார் அள்ளுவது. அதில் ஒரு வளவில்தான் மிஸ் வாடகைக்கு இருந்தார். கிணற்றுக் கட்டில் இராசதுரையின் இறைப்பு மிஷின். அவன் ஊற்றிய அந்த ஒயில் ஒழுகியது. தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஒரு தோல் படிந்தது. வாளி முதலில் தொடுவது அந்தத் தோலைத்தான்.

இராசதுரையின் மூத்த மகள் பவானி அப்போது முதல் பிள்ளைத்தாச்சி. அவளுடைய கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் கரும் பருக்கள் புறப்பட்டன. கண்ணிமை வீங்கியது. இராசதுரை ஒரு போத்தலில் தண்ணீரோடு ஆய்கூடத்துக்குள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“மிஸ், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பெட்டை இதைக் குடிக்கலாமோ, குடிக்கேலாதோ?”

“தெரியாது.”

“ஓம் எண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி. வடக்கு வளவிலை நல்ல தண்ணிக் கிணறு கிடக்கு. வேலிச் சண்டைக்குப் பிறகு அவையோடை எங்களுக்குக் கதை பேச்சு இல்லை. போய்ப் படலையிலை நிண்டால், ஏன், உங்கடை கிணத்துக்கு என்ன வந்தது எண்டு கேப்பினம். மிஸ் கூடாதெண்டு சொன்னவா எண்டால் தருவினம். சும்மா போய்க் கேட்டால் நாயைத்தான் அவிட்டு விடுவினம்.”

மிஸ் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். செப்புக் கம்பி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, அந்தத் தண்ணீரின் மேலிருந்த எண்ணெயில் தோய்த்து, மறுபடி சுவாலையில் பிடித்தார். சுவாலை பச்சையாக எழுந்தது. நல்ல, அழகான பச்சை. குளோரீன் இருந்தால் அப்படித்தான் எரியும் என்று எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது.

“பச்சை” என்றான் இராசதுரை.

“பச்சைதான்” என்றார் மிஸ். “இதே பச்சை வேறை எத்தனையோ சாமானுக்கும் வரும். எது எண்டு இது சொல்லாது. நிறுத்துப் பாக்கோணும்.”

பிறகு முறைப்படி எல்லாம் செய்தார். தண்ணீரிலிருந்த எண்ணெயைக் கரைப்பானில் இழுத்து, வற்றவைத்து, ஒரு துளியைச் சின்னக் கண்ணாடிச் சிமிழில் விட்டு, வாயை உருக்கி மூடினார். போத்தல் தண்ணீர் என்றால் காவலரணில் ஊற்றிவிடுவார்கள், சிமிழ் என்றால் மருந்து என்று விடுவார்கள் என்ற அளவுக்கு அவருக்கு உலகம் தெரிந்திருந்தது. கொழும்பில் அந்தக் கருவி இல்லை. அங்கிருந்து அவருடைய பழைய குளிர் நாட்டுக்கு அனுப்ப வேண்டும். படிவத்தையும் நிரப்பினார். அவதானிப்பு என்ற நிரலில், சுவாலையில் பச்சை நிறம் காணப்பட்டது. சந்தேகத்துக்கான காரணம் என்ற நிரலில் ஒரு கோடு.

படிவம் என் மேசைக்கு வந்தது. நான் எழுந்து போனேன்.

“மிஸ், இதிலை ஒரு வசனம் எழுதி ஒப்பம் வையுங்கோ. இண்டைக்கே ஊர் விதானையாரைக் கொண்டு கிணத்தை மூடுவிக்கலாம்.”

“எனக்குச் சந்தேகம் இல்லை, சீஃப் கிளாக்.”

“அப்ப நல்ல தண்ணி எண்டு எழுதுங்கோ.”

“அதுக்கும் ஆதாரம் இல்லை.”

“மிஸ், சந்தேகத்துக்கு ஆதாரம் தேவையில்லை. ஆதாரம் இருந்தால் அதுக்குப் பேர் சந்தேகம் இல்லை. விதி அதைத்தான் கேக்குது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சந்தேகம் எண்டு ஒப்பம் வைச்சால் ஊர் அதை முடிவெண்டுதான் எடுக்கும். ஆற்றையோ மிஷின், ஆற்றையோ எண்ணெய். எண்ணெயை இறக்கினது ஆர் எண்டு நாளைக்குத் தேடுவினம். என்ரை ஒப்பத்தை வைச்சு ஒருத்தரைக் கம்பத்திலை கட்டவும் கூடும்.”

அப்படி நடக்கக்கூடிய ஊர்தான். என் ஒப்பத்துக்கு அந்த நிரலில் இடமில்லை. கோட்டோடு படிவம் போனது.

“சரி, நீங்களாவது அந்தத் தண்ணியைக் குடிக்காமல் விடுங்கோ” என்றேன்.

“நான் விட்டால் அது ஒரு அறிக்கை” என்றார் மிஸ்.

குடித்தார். விடியக்காலையில் மூன்று வளவாரும் பார்த்திருக்க, தன் வாளியால் அள்ளி, செம்பில் வார்த்து, வீட்டுக்குள் கொண்டுபோனார். ஊருக்கு அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? ஆய்கூடத்து மனுசி, வெளிநாட்டில் படித்தவ, அதே கிணற்றில் அள்ளுகிறா. இராசதுரையின் மனைவி மங்களத்திடம் பக்கத்து வளவார் சொன்னார்கள். “உங்களுக்கென்ன விசரே? நஞ்செண்டால் மிஸ் குடிப்பாவே?”

மிஸ் தன் வாயால் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தொண்டை ஒவ்வொரு நாளும் ஊருக்கு அறிக்கை கொடுத்தது. அதை அவருக்குச் சொன்னேன்.

“அது அவையின்ரை ஊகம்” என்றார்.

பிள்ளை பிறந்தது. தேயிலைச் சாயத்தில் தோய்த்தெடுத்தது போன்ற நிறம். நகங்கள் கறுப்பு. சுருங்கிய, சின்ன உடம்பு. கிழக்கே ஒரு நாட்டில் சமையல் எண்ணெயில் இதே சேர்வை கலந்து, இதே நிறத்தோடு பிள்ளைகள் பிறந்த கதையை மிஸ்தான் எங்களுக்கு ஒரு மத்தியானம் சொல்லியிருந்தார், சோற்றைப் பிசைந்தபடி. இராசதுரை அதை மறக்கவில்லை. மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனான். நானும் பார்க்கப் போயிருந்தேன்.

மிஸ் குனிந்து பிள்ளையின் விரலை விரித்து நகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பவானி படுத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மிஸ்?” என்றாள்.

“பாரம் குறைவு போலை கிடக்கு” என்றார் மிஸ். “நிறுத்துப் பாக்காமல் சொல்லேலாது.”

பிள்ளை அந்த மாதம் முடியுமுன் செத்தது. பருத்தித்துறை ஆசுபத்திரியில் காரணம் என்று ஏதோ எழுதினார்கள். எழுத வேண்டுமே என்று எழுதியது.

முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு ஒருநாள் மங்களம் கந்தோருக்கு வந்தா. கையில் போத்தல். நேரே ஆய்கூடத்துக்குள் போய், மிஸ்ஸின் மேசையில் வைத்தா. இராசதுரை மனைவியின் கையைப் பிடித்தான். உதறிவிட்டா.

“உது எங்கடை கிணத்துத் தண்ணி. மேலாலை வழிச்சு அள்ளினது. நல்லதெண்டும் சொல்ல மாட்டியள், கூடாதெண்டும் சொல்ல மாட்டியள். குடியுங்கோ பாப்பம்.”

லிகிதர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். நான் உள்ளே போய், “அம்மா, இருங்கோ, கதைப்பம்” என்று தொடங்குமுன், மிஸ் கண்ணாடி முகவை ஒன்றை எடுத்து, போத்தலைச் சரித்து வார்த்தார். தண்ணீரின் மேல் அந்த நிறங்கள் சுழன்றன. குடித்தார். மிச்சத்தையும் வார்த்துக் குடித்தார். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டார்.

“இது ஆதாரம் இல்லை” என்றார்.

மங்களம் வெறும் போத்தலை எடுத்துக்கொண்டா. பிறகு மெல்லச் சொன்னா. “நீங்கள் செத்தாலும், சாகிறன் எண்டு சொல்ல மாட்டியள் மிஸ்.”

மங்களம் கேட்க வந்தது ஒரு சொல். கொண்டுபோனது அதற்கு எதிரான சாட்சி. ஒரு முழுப் போத்தலையும் மிஸ் எல்லோருக்கும் முன்னால் குடித்துவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்துவிட்டா என்ற செய்தி அன்றே பொழுதுபடுமுன் கரவெட்டி முழுக்கப் போய்விட்டது. கிணற்றைப் பற்றிக் கொஞ்சநஞ்சம் முணுமுணுத்தவர்களும் அதோடு வாயை மூடினார்கள். வடக்கு வளவார், “பிள்ளை செத்ததுக்குக் கிணத்திலை பழி போடுகினம்” என்றார்கள். மங்களத்துக்கு இனி அந்தப் படலையில் போய் நிற்கவும் முகமில்லை.

கொழும்புக்கு நான் நினைவூட்டல் எழுதினேன். பாதை பூட்டியிருந்தது. கப்பலில் தபால் போனால் போனது, வந்தால் வந்தது. மறுபடி எழுதினேன். மிஸ் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு தபால் பையும் அவிழ்க்கும்போது ஆய்கூடத்து வாசலில் வந்து நின்றது இராசதுரைதான்.

தொண்ணூற்று நாலில் மிஸ் நோயில் விழுந்தார். கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு வீங்கியது. பருத்தித்துறை ஆசுபத்திரியில் பார்க்கப் போனேன். கட்டிலடியில் நின்ற இளம் டாக்குத்தர் துண்டில் காமாலை என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“மஞ்சளாக இருக்குது எண்டு எழுதுங்கோ” என்றார் மிஸ். “காமாலை எண்டு எழுதாதேங்கோ. நீங்கள் இன்னும் பாக்கேல்லை.”

டாக்குத்தர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே கிடந்த மிஸ்ஸின் விரல்களில் நகங்கள் கறுத்திருந்தன. நான் பார்ப்பதை அவர் கண்டார். கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் எதையாவது மறைத்து நான் கண்டது அந்த ஒருதரம்தான்.

“மிஸ், இப்பவாவது அந்த நிரலை நிரப்புவமே? படிவத்தின்ரை பிரதி கொண்டு வந்திருக்கிறன்.”

“பதில் வந்திட்டுதோ?”

“இல்லை.”

“அப்ப பொறுங்கோ” என்றார்.

இரண்டு கிழமையில் செத்தார். கொள்ளிக்கு வந்த ஊர், நல்ல மனுசி, நல்ல மனுசி என்றது. யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவர் கிடத்தப்பட்டிருந்தார். அந்த வருடம் ஊரில் காமாலை பலருக்கும் வந்ததால், கிணற்றை யாரும் நினைக்கவுமில்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை சற்று ஓய்ந்து தபால் பைகள் வரத் தொடங்கின. ஒரு பையில் மிஸ்ஸின் பதவிப்பெயருக்கு ஒரு உறை வந்தது. உத்தியோகத்தர் இல்லாதவிடத்துப் பிரதம லிகிதர் திறக்கலாம் என்று விதி உண்டு. திறந்தேன். வாசலில் இராசதுரை நின்றான். பவானிக்கு அப்போது மறுபடி ஆறு மாதம். அதே கிணறு.

உறைக்குள் பஞ்சு சுற்றிய கண்ணாடிச் சிமிழ் இருந்தது. உருக்கி மூடிய வாய் மூடியபடி. அந்த ஒரு துளி உள்ளே அப்படியே மினுங்கியது. சிமிழ் கொழும்பைத் தாண்டிப் போகவேயில்லை. கூட இருந்த கடிதம் இரண்டே வரி. சந்தேகத்துக்கான காரணம் என்ற நிரல் நிரப்பப்படாமையால் மாதிரி பகுப்பாய்வுக்கு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. சந்தேகிக்கும் உத்தியோகத்தர் காரணத்தை எழுதி ஒப்பமிட்டு மீள அனுப்புக.

“என்னவாம் ஐயா?” என்றான் இராசதுரை.

“மிஸ்ஸைக் கேக்கினம்” என்றேன்.

பதில் கிடைக்கப்பெற்றது என்று எழுதி, திகதி முத்திரையைக் குத்தினேன். 1995 மாசி 9, வியாழக்கிழமை.